ஆறும் பதினொன்றும்

"நிலோஃபரோட கதையைப் படிச்சா எல்லாரும் பயப்படறாங்க மேடம். என் கதைக்கு ஒருத்தரும் பயப்படலை. ஏன்?"

சகாயம் இப்படிக் கேட்டபோது ஆசிரியை மாதங்கி தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

புதுச்சேரியில், கடற்கரைக்கு நான்கு தெரு தள்ளி இருந்தது அந்த ஓவியப் பள்ளி. மாதங்கிக்கு வயது இருபத்தெட்டு. சகாயத்துக்கு முப்பத்து மூன்று. எட்டு வருடம் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் வடிவமைத்தவன். இனி சொந்தக் கோட்டில் பிழைப்போம் என்று வேலையை உதறிவிட்டு மாணவனாக வந்து சேர்ந்திருந்தான். தன்னைவிட இளையவரை மேடம் என்று கூப்பிட முதல் வாரம் நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

அந்தப் பருவத்துக்கு ஒரே வேலைதான். ஆளுக்கொரு திகில் காமிக்ஸ். பதினாறு பக்கம். கதையும் படமும் தானே செய்ய வேண்டும். அச்சும் தையலும்கூடத் தானே. ஐம்பது பிரதி போட்டு, மாதக் கடைசியில் கைப்புத்தகச் சந்தையில் மேசை போட்டு உட்கார வேண்டும். முன்பின் தெரியாத மனிதர்கள் எடுத்துப் படிப்பார்கள்.

மாதங்கி கையைத் துடைத்துக்கொண்டார்.

"கொண்டாங்க."

சகாயத்தின் கதை பனங்காட்டில் தொங்கும் ஒரு பேயைப் பற்றியது. முடி தரை வரைக்கும் இறங்கும். ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும். கண்ணில் ரத்தம். வகுப்பில் பார்த்தவர்கள் எல்லோரும் கோடு சுத்தம் என்றார்கள். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

மாதங்கி முதல் பக்கத்தில் பேயின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இப்ப என்ன இருக்கு?"

"பனைமரம்."

அடுத்த பக்கத்தைத் திருப்பி, அங்கேயும் மூடினார்.

"இப்ப?"

"பனைமரம்."

பிறகு நிலோஃபரின் வரைவை எடுத்தார்.

நிலோஃபர் ஆம்பூர்ப் பெண். இருபது வயது. கோடு கோணலாகப் போகும். அவசரத்தில் ஒரு கையில் ஆறு விரல்கூட விழும். அவள் கதையில் ஒரு வீடு, வீட்டில் ஐந்து பேர், வாசலில் செருப்பு விடும் இடம். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. யாரும் அலறவில்லை. ஆனால் முதல் பக்கத்திலிருந்தே வாசலில் கிடப்பது ஆறு ஜோடி. வீட்டில் யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை, பதினோராம் பக்கம் வரைக்கும்.

மாதங்கியின் உள்ளங்கை அந்தத் தாளின் மேல் நகர்ந்தது. வாசலுக்குப் போயிற்று, சுவருக்குப் போயிற்று, கதவுக்குப் போயிற்று. எங்கேயும் உட்காரவில்லை.

"எங்க மூடறதுன்னு தெரியலை," என்றார்.

மறுபடி தூரிகை கழுவப் போய்விட்டார்.



சகாயம் அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்கவில்லை. அநியாயம் என்று பெயர் வைத்தான்.

எட்டு வருடம் விரல் தேய்ந்தவன் ஒருத்தன். நேற்றுப் பேனா பிடித்தவள் ஒருத்தி. அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம். இவன் மேசையில் ஈ.

அவள் படத்தில் ஒரு விரல் கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்தால், அன்றைக்கு அவனுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணா, இந்த நிழல் எப்படிப் போடறீங்க?" என்று வந்து நிற்பாள்.

பாதி சொல்லிக்கொடுப்பான். மீதியைத் தன்னிடமே வைத்துக்கொள்வான்.

ஒரு வாரம் கழித்து மறுபடி மாதங்கியிடம் போனான்.

"பேயை எடுத்துட்டேன் மேடம். நானும் ஒரு வீடு வரைஞ்சிருக்கேன். ஆனாலும் பயம் வரலை."

மாதங்கி பார்த்தார். ஒரு கூடம், ஓர் ஊஞ்சல், ஒரு ஜன்னல். எல்லாம் அளந்து வைத்தது போல் இருந்தன.

"யார் வீடு இது?"

அவன் ஊஞ்சலின் கோட்டை விரலால் தடவினான்.

"உங்க வீடா?"

"இல்லை."

"அப்ப இங்க நீங்க விருந்தாளி," என்றார் மாதங்கி. "எந்தக் கதவை எப்பவும் பூட்டி வெச்சிருப்பாங்கன்னு விருந்தாளிக்குத் தெரியாது."

சகாயம் வீட்டுப் படங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய பனங்காட்டுக்கே திரும்பினான். இன்னும் கொஞ்சம் ரத்தம் சேர்த்தான்.



சந்தைக்கு நான்கு நாள் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நிலோஃபர் நான்கு பெரிய தாள்களோடு அவன் மேசைக்கு வந்தாள்.

தாளை மடித்து நடுவில் தைக்கும் புத்தகத்தில் பக்கங்கள் வரிசையாக அச்சாவதில்லை. ஒன்றாம் பக்கத்தை ஒட்டிப் பதினாறு இருக்கும். ஆறை ஒட்டிப் பதினொன்று இருக்கும். இடம் வலம் மாறிப்போனால் கதையே மாறிப்போகும். பள்ளியில் இந்தக் கணக்கு சகாயத்துக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்களுக்குத் தலைவலி.

"கோத்துட்டேன் அண்ணா. ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க. நீங்க பார்த்துட்டீங்கன்னா நான் கண்ணை மூடிட்டு ஜெராக்ஸுக்குக் குடுத்துடுவேன்."

சகாயம் தாள்களை வாங்கினான்.

அவன் தேடவில்லை. கண் தானாக மூன்றாம் தாளில் போய் நின்றது. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று ஒட்டியிருந்தது. பதினொன்றின் இடத்தில் ஆறு.

பதினோராம் பக்கத்தில்தான் அந்த வீட்டுக் கடைக்குட்டி வாசலில் குந்தி உட்கார்ந்து கேட்கிறாள்: "அம்மா, நாம அஞ்சு பேர்தானே?"

அந்தக் கேள்வி ஆறாம் பக்கத்திலேயே வந்துவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெறும் காகிதம்.

சொல்ல வாயெடுத்தான்.

"சரியா இருக்கு," என்றான்.

"எல்லாமே சரியா?"

"எல்லாமே."

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்னே தெரியலை," என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

அவள் படியிறங்கிப் போன பிறகுதான், தான் சிரித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

நிறுத்தப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஆயிற்று.



சந்தை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள். மணமேடையில் சீரியல் விளக்குகளைக்கூடக் கழற்றவில்லை. அதன் கீழே மாணவர்கள் வரிசையாகப் பேயும் பிசாசும் பரப்பி வைத்திருந்தார்கள்.

சகாயத்துக்கும் நிலோஃபருக்கும் அடுத்தடுத்த மேசை.

அவளுடைய அட்டை கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. கறுப்புத் தரையில் ஒற்றைச் செருப்பு. சில பிரதிகளில் மை கொஞ்சம் வழிந்திருந்தது. அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சகாயம் அதையும் கவனித்தான்.

கதவு திறந்ததும் முதல் ஆளாக மாதங்கி வந்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிரதி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் கூட்டம் வந்தது.

எல்லோரும் முதலில் நிலோஃபரின் புத்தகத்தைத்தான் எடுத்தார்கள். நின்றபடியே படித்தார்கள். ஐந்தாம் பக்கம் வரை முகம் குனிந்திருக்கும். அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் புருவம் சுருங்கும். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை புரட்டுவார்கள். சிரித்து வைப்பார்கள். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நகர்வார்கள்.

நகர்ந்தால் அடுத்தது சகாயத்தின் மேசை.

பகல் பதினோரு மணிக்குள் அவனுடைய புத்தகம் பத்துப் பேர் கைக்குப் போய்விட்டது. அவளுடையது மூன்று.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தியவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சந்தோஷம் எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்று எதிர்பார்த்தான். போகவில்லை. அது போகாமல் இருந்ததுதான் அவனுக்கு மெல்ல மெல்ல ஒரு மாதிரி இருந்தது.

மதியம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நிலோஃபரிடம் சொன்னார்: "நல்ல கதைதாம்மா. ஆனா ஆரம்பத்துலேயே முடிஞ்சு போயிடுதே."

அவர் போன பிறகு நிலோஃபர் தன் புத்தகத்தையே எடுத்து, வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல் முதலிலிருந்து படித்தாள்.

ஆறாம் பக்கத்தில் கை நின்றது.

சகாயம் தன் புத்தகங்களை அடுக்கிவைத்தான். ஏற்கனவே அடுக்கியிருந்தவற்றைக் கலைத்து, மறுபடி அடுக்கினான்.

"அண்ணா."

"ம்."

"மாத்தி ஒட்டியிருக்கேன் அண்ணா. ஆறும் பதினொண்ணும்."

அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். முதல்முறை பார்ப்பவனைப் போலப் பார்த்தான். ஆட்டம் அவனுக்கு நன்றாகவே வந்தது.

"அய்யோ," என்றான்.

"உங்க கண்ணுக்கே தப்பிடுச்சுன்னா நான் எம்மாத்திரம். இல்லண்ணா?"

"ஆமா," என்றான் சகாயம். "தப்பிடுச்சு."

அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மீதி இருந்த பிரதிகளை அள்ளிக்கொண்டு மண்டபத்துப் பின்கட்டுக்குப் போனாள். அந்த ஒரு தாளை மட்டும் சரியாகக் கோத்து, எதிர்ச் சாரி ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக நூலைப் பிரித்தாள்.

சகாயம் போய் எதிரில் உட்கார்ந்தான். இன்னொரு ஊசியை எடுத்தான்.

"உங்க மேசை அண்ணா?"

"இருக்கட்டும்."

சாயங்காலம் வரை இரண்டு பேரும் தைத்தார்கள். பழைய தாளை உருவி, புதுத் தாளைச் செருகி, பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு. சமையற்கட்டில் திங்கட்கிழமைக் கல்யாணத்துக்காரர்கள் பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிலோஃபர் ஊர்க்கதை பேசினாள். அவளுடைய அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தது, சின்ன வயதில் வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள் என்பது, ஒருநாள் அவளுக்குத் தெரியாத ஒரு செருப்பு கிடந்தது என்பது.

"யாருது அது?"

"தெரியாது அண்ணா. கேக்கறதுக்குப் பயம். இன்னைக்கு வரைக்கும் வீட்டுல கேட்டதில்ல."

எல்லாம் முடிந்தபோது அவள் ஒரு பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அட்டைக்கு உள்புறமும் ஒரு வரி எழுத ஆரம்பித்தாள்.

சகாயம் எட்டிப் பார்த்தான்.

*பக்கங்களைச் சரிபார்த்து, கூட உட்கார்ந்து தைத்தவர்: சகாயம் அண்ணா.*

"அது வேண்டாம்மா."

"ஏன்? உண்மைதானே?"

அவன் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அத்தனை புத்தகத்திலும் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒரு பெண்மணி வந்தார். முந்தின நாள் கடைசி நேரத்தில், திருத்திய பிரதியை வாங்கிப் போனவர்.

"நீதானேம்மா எழுதினது?" என்றார் நிலோஃபரிடம். "வீட்டுக்குப் போனதும் என்னை அறியாம வாசல்ல செருப்பை எண்ணிட்டேன். என் பொண்ணுக்கும் ஒண்ணு குடு."

மத்தியானத்துக்குள் அவள் மேசை காலியாகிவிட்டது.

சகாயத்தின் மேசையில் ஒருவர் நின்று பொறுமையாகப் பதினாறு பக்கமும் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்கீங்க தம்பி," என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

வெட்கம் ஒரு பக்கம் இருந்தது. பொறாமையும் அதன் பழைய இடத்திலேயே இருந்தது. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று அவன் நினைத்திருந்தான்.



திங்கட்கிழமை மாதங்கி அறையில் தனியாக இருந்தார். சகாயம் கதவருகே நின்றான்.

"மேடம், எனக்குத் திகில் கதை வராது. வேற எதாவது செய்யறேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்தான்.

மாதங்கி பையிலிருந்து நிலோஃபரின் புத்தகத்தை எடுத்தார். சனிக்கிழமை காலையில் கதவு திறந்ததும் வாங்கிய பிரதி. ஐந்தாம் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தார்.

"இதை நீங்க பார்த்துக் குடுத்ததா நிலோஃபர் சொன்னா. எட்டு வருஷம் பக்கம் பார்த்தவர் நீங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"பார்த்தேன்," என்றான் சகாயம்.

"ம்."

"தப்புன்னு தெரிஞ்சுது. சரியா இருக்குன்னு சொன்னேன்."

"ம்."

"திட்டிடுங்க மேடம்."

மாதங்கி திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"அப்படிச் சொன்னப்ப உங்க முகம் எப்படி இருந்துச்சு?"

சகாயம் அந்த வெள்ளைத் தாளின் ஓரத்தை நேராக்கினான்.

"சிரிச்சுட்டு இருந்தேன்."

"வரைங்க," என்றார் மாதங்கி.



பதின்மூன்று நாள் ஆயிற்று.

எட்டே பக்கம். ஒரு மேசை, ஒருத்தன், நான்கு தாளோடு ஒரு பெண். அவள் முகம் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. தாள் பிடித்த கை மட்டும்தான். அவனுடைய முகம் பக்கத்துக்குப் பக்கம் கிட்டே வந்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் கண் கிடையாது, மூக்கு கிடையாது. பக்கம் முழுக்க அந்தச் சிரிப்பு.

கோடு பல இடத்தில் கோணிப்போயிற்று. அவன் திருத்த உட்காரவில்லை. சில இடங்களில் பேனா தாளைக் கிழித்திருந்தது. அதையும் அப்படியே விட்டான்.

ஒரே ஒரு பிரதி தைத்தான். மாதங்கியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவர் நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் அதை நிமிர்த்தவில்லை.

"இதை எதுக்கு என்கிட்ட கொண்டாந்தீங்க?" என்றார்.

"நீங்கதானே மேடம் வரையச் சொன்னீங்க."

"வரையச் சொன்னேன்."

சகாயம் நின்றான். மாதங்கி புத்தகத்தை எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அவ கேன்டீன்ல இருக்கா," என்றார்.



கேன்டீனில் கூட்டம். நிலோஃபரின் வகுப்புக்காரர்கள் நாலைந்து பேர் அடுத்த மேசையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அவள் தனியாக ஒரு மூலையில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

"புதுசாண்ணா?" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தான். எதிரில் உட்கார்ந்தான்.

அவள் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் தலையை ஆட்டினாள், நன்றாக இருக்கிறது என்பது போல. மூன்றாம் பக்கத்தில் தலையாட்டல் நின்றது. நான்காம் பக்கத்தில் தாள் பிடித்த கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

டீ ஆறியது.

கடைசிப் பக்கத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுல ஒரு பக்கம் குறையுது," என்றாள்.

அண்ணா என்று சொல்லவில்லை.

"எந்தப் பக்கம்?"

"இவன் அவகிட்ட சொல்ற பக்கம்."

சகாயம் அவசரமாகப் பையில் கையை விட்டான். பேனாவைத் தேடினான்.

"வரைஞ்சு தர்றேன். இன்னைக்கே வரைஞ்சு தர்றேன்."

நிலோஃபர் புத்தகத்தை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வரைய வேண்டாம்," என்றாள். "சொல்லுங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அடுத்த மேசையில் பேச்சு நின்றிருந்தது.

"இங்கேயா?"

"இங்கேதான்."

சகாயம் பேனாவை மேசையில் வைத்தான். எழுந்து நின்று, சொன்னான்.